பொதிமூலம் பார்க்கும் ஸ்கிரிப்ட்

லினக்ஸ் கணினியை நாலைந்து வருஷம் தொடர்ந்து ஓட்டுகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கும். நிறுவியிருக்கிற பொதிகளை எல்லாம் எடுத்து, எது எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று பிரித்துப் பட்டியல் போடுகிற ஸ்கிரிப்ட். டெபியன், உபுண்டு வகையறாவில் இது பதினைந்து வரிக்கு மேல் போகாது. கைமாறிக் கைமாறி வந்ததில் மாறிகளின் பெயர் மட்டும் மாறியிருக்கும். உள்ளே எலும்புக்கூடு ஒன்றுதான். டிபிகேஜியிடம் பொதிகளின் பெயர்ப் பட்டியலை வாங்கு. ஒவ்வொரு பெயரையும் ஆப்ட்-கேஷ் பாலிசி கட்டளைக்குக் கொடு. வருகிற வெளியீட்டில் மூன்று நட்சத்திரக் குறி போட்ட வரிக்கு அடுத்த வரியை ஆவ்க் வைத்து எடு. கடைசியில் சார்ட், யூனிக். அவ்வளவுதான்.

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். மென்பொருளில் அது செல்லாது, பொதிமூலம் பார்த்தே ஆகவேண்டும். ரூட் அதிகாரத்தோடு நம் கணினிக்குள் நுழைந்த ஒவ்வொரு கோப்பும் யார் வாசல் வழியாக வந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்த ஸ்கிரிப்ட் சொல்வது பதிலே இல்லை, ஒரு ஊகம் என்பதுதான் என் விமர்சனம். ஊகம் செய்வதில் தப்பில்லை. ஊகத்தைப் பதிவு மாதிரி அச்சடித்துக் கொடுப்பதுதான் தப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஸ்கிரிப்டின் பெரிய பலம் அது தருகிற தொகுப்புப் பார்வை. ஆயிரத்தைந்நூறு பொதி இருக்கிற ஒரு கணினியில், ஆயிரத்து நானூற்றைம்பது டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து, முப்பது ஏதோ ஒரு பிபிஏவிலிருந்து, பத்து உலாவிக்கார நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து, மிச்சம் பத்துக்கு எந்த அட்ரஸும் இல்லை என்று ஒரு திரைக்குள் காட்டிவிடும். வரைகலைக் கருவிகள் இவ்வளவு சுருக்கமாகக் காட்டுவதில்லை. ஆப்டிட்யூடின் தேடல் மொழியில் இதைக் கேட்கலாம். ஆனால் அந்த வடிகட்டிகளின் இலக்கணத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் குறைவு. அதனால்தான் இந்தப் பதினைந்து வரி இத்தனை வருஷமாக உயிரோடு இருக்கிறது.

பதிவு எங்கே இருக்கிறது?

ஒரு பொதியை நிறுவியதும் டிபிகேஜி அதைப் பற்றி என்ன குறித்து வைக்கிறது? /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். சாதாரண உரைக் கோப்பு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பொதியின் பெயர், நிலை, பதிப்பெண், கட்டமைப்பு, பராமரிப்பாளர், சார்புகள், நிறுவிய அளவு, விவரணை எல்லாம் இருக்கும். எந்தக் களஞ்சியம் என்று சொல்கிற புலம் மட்டும் இருக்காது. இறக்கிய .டெப் கோப்பின் ஹாஷும் இருக்காது.

இது மறதியால் வந்த குறை கிடையாது, வேலைப் பிரிவினையால் வந்தது. டிபிகேஜிக்குக் களஞ்சியம் என்றால் என்னவென்றே தெரியாது. அதன் கையில் ஒரு கோப்பைக் கொடுத்தால் பிரித்து வைக்கும். எங்கிருந்து வாங்கி வந்தாய் என்று கேட்பது அதன் வேலை இல்லை. வாங்கி வருவது ஆப்ட். ஆப்ட் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, ரசீதைக் கிழித்துப் போட்டுவிடுகிறது. /வார்/லாக்/ஆப்ட் அடைவில் இருக்கும் ஹிஸ்டரி லாகில் என்றைக்கு, எந்தக் கட்டளையால், எந்தப் பதிப்பு வந்தது என்று இருக்கும். எந்தக் களஞ்சியம் என்பது அதிலும் இருக்காது. அந்த லாகும் மாதாமாதம் சுழன்று, இயல்பான அமைப்பில் பன்னிரண்டு பழைய கோப்புகளோடு நின்றுவிடும்.

அப்படியானால் ஆப்ட்-கேஷ் பாலிசி எதைப் பார்த்துச் சொல்கிறது? கடைசியாக ஆப்ட் அப்டேட் ஓட்டியபோது இறங்கிய களஞ்சியப் பட்டியல்கள் /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் அடைவில் இருக்கின்றன. நிறுவியிருக்கும் பதிப்பெண்ணை எடுத்து, இன்றைய பட்டியல்களில் அதே பதிப்பு எங்கெங்கே கிடைக்கிறது என்று பொருத்திப் பார்க்கிறது. பதிப்பெண்ணோடு சார்புகள் மாதிரி இன்னும் சில புலங்களையும் ஒப்பிடும். ஒப்பிடுவது எதுவானாலும் அது சொல்வது ஒன்றுதான்: ‘இந்தப் பதிப்பு இன்றைக்கு இந்த இடத்தில் கிடைக்கிறது.’ நாம் கேட்டதோ, ‘அன்றைக்கு எந்த இடத்திலிருந்து வந்தது?’ கடையில் இன்று என்ன சரக்கு இருக்கிறது என்று பார்த்து, வீட்டில் இருக்கும் அரிசி எந்தக் கடையில் வாங்கியது என்று தீர்மானிப்பது மாதிரி. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகப் போகிற இடங்கள்தான் முக்கியமான இடங்கள்.

ஊகம் எங்கே சறுக்குகிறது?

முதல் இடம், அப்டேட்டுக்கும் அப்கிரேடுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. உபுண்டுவின் அப்டேட்ஸ் பகுதியிலிருந்து ஒரு பொதி வந்திருக்கிறது என்று வையுங்கள். அடுத்த வாரம் அங்கே புதுப் பதிப்பு வந்ததும் பட்டியலிலிருந்து பழைய பதிப்பு போய்விடும். நீங்கள் ஆப்ட் அப்டேட் மட்டும் ஓட்டியிருக்கிறீர்கள், அப்கிரேட் இன்னும் செய்யவில்லை. இப்போது ஸ்கிரிப்டை ஓட்டினால், அந்தப் பொதிக்கு எந்தக் களஞ்சியமும் பொருந்தாது. மூன்று நட்சத்திரத்துக்கு அடுத்த வரியில் டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்புதான் நிற்கும். ஸ்கிரிப்ட் அதை ‘உள்ளூர்’ என்று எழுதிவிடும். காலையில் உபுண்டு பொதியாக இருந்தது, மதியம் யாரோ கையால் நிறுவியது மாதிரி ஆகிவிடுகிறது. கணினியில் ஒரு பைட் கூட மாறவில்லை. மாறியது வெளியே இருக்கிற பட்டியல்.

இரண்டாவது, பதிப்பு மாற்றம். உபுண்டுவை அடுத்த வெளியீட்டுக்கு ஏற்றும்போது, ஏற்றுகிற கருவி மூன்றாம் தரப்புக் களஞ்சியங்களை முடக்கிவிடும். பாதுகாப்பான முடிவுதான். ஆனால் அதோடு அந்தக் களஞ்சியங்களின் பட்டியலும் போய்விடுகிறது. அங்கிருந்து வந்து இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிற பொதிகள் எல்லாம் ‘உள்ளூர்’ கூட்டத்தில் சேர்ந்துவிடும். எந்தப் பொதியை நீக்கலாம், எதற்குப் புது களஞ்சியம் தேடவேண்டும் என்று பார்க்க இந்த ஸ்கிரிப்ட் வேண்டியது சரியாக அந்த நேரத்தில்தான். அந்த நேரத்தில் அது கைவிரிக்கும். ஏற்றுவதற்கு முந்தின நாள் ஓட்டி வைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

மூன்றாவது இதற்கு நேர் எதிர்த் திசை. கூகுள் குரோமின் .டெப் கோப்பை உலாவியில் இறக்கி, கையால் நிறுவுகிறீர்கள். அந்தப் பொதி தன்னை நிறுவிக்கொள்ளும்போதே கூகுளின் களஞ்சியத்தையும் உங்கள் ஆப்ட் மூலங்களில் சேர்த்துவிடும். அடுத்த ஆப்ட் அப்டேட்டுக்குப் பிறகு ஸ்கிரிப்டைக் கேட்டால், குரோம் கூகுள் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று சொல்லும். வந்தது கையால் இறக்கிய கோப்பிலிருந்து. இந்த உதாரணத்தில் இரண்டும் ஒரே இடம் என்பதால் பாதகம் இல்லை. ஆனால் யாரோ தந்த பென்டிரைவிலிருந்து, அதே பதிப்பெண் போட்ட ஒரு பொதியை நிறுவியிருந்தாலும், புலங்கள் ஒத்துப்போனால் ஸ்கிரிப்ட் அதே பதிலைத்தான் சொல்லும்.

நான்காவது, ஒரே பதிப்பு இரண்டு இடத்தில் இருப்பது. உபுண்டுவில் செக்யூரிட்டி பகுதிக்கு வருகிற பொதிகள் அப்டேட்ஸ் பகுதிக்கும் நகலாகும். ஸ்கிரிப்ட் பொருந்துகிற முதல் வரியை மட்டும் எடுத்தால், ஒரு பகுதியின் கணக்கு ஊதிப்போய் இன்னொன்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம். இந்தக் கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தமே வரவில்லை போலிருக்கிறது என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். எல்லா வரியையும் எடுத்தால், கூட்டுத்தொகை மொத்தப் பொதி எண்ணிக்கையைத் தாண்டிவிடும். இரண்டுமே தப்பு. ‘இரண்டில் ஏதோ ஒன்று’ என்று தனி வரிசையாகப் போடுவதுதான் நேர்மையான வழி. அப்படிப் போடுகிற ஸ்கிரிப்ட் அபூர்வம்.

எழுதிய விதத்தில் உள்ள குறைகள்

மேலே சொன்னவை கேள்வியிலேயே இருக்கிற சிக்கல்கள். எழுதின கையில் இருக்கிற குறைகள் தனி. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆப்ட் லிஸ்ட் வெளியீட்டைக் குழாய் வழியாக இன்னொரு கட்டளைக்குக் கொடுத்தால், ‘இந்தக் கட்டளையின் இடைமுகம் நிலையானது இல்லை, ஸ்கிரிப்டில் கவனமாகப் பயன்படுத்து’ என்ற பொருளில் ஆப்டே எச்சரிக்கும். நிறைய ஸ்கிரிப்டுகளில் அந்த எச்சரிக்கையைக் கேட்டு நடப்பதற்குப் பதிலாக, பிழை வரிகளை /டெவ்/நல்லுக்குத் திருப்பிவிட்டு மேலே போயிருக்கிறார்கள். வாயை மூடினால் பிரச்சினை தீர்ந்தது என்கிற மனோபாவம்.

மொழி இன்னொன்று. நிறுவிய பதிப்பைக் காட்டுகிற சொல்லை க்ரெப் பண்ணுகிற ஸ்கிரிப்ட், ஜெர்மன் மொழியில் அமைத்த கணினியில் எதையும் கண்டுபிடிக்காது. அங்கே அந்தச் சொல் ‘இன்ஸ்டாலியர்ட்’. மேலே ஒரு வரியில் லோகேலை சி என்று நிர்ணயித்தால் தீர்ந்தது.

நீக்கப்பட்ட பொதிகள் அடுத்தது. பொதியை நீக்கியும் அமைப்புக் கோப்புகள் மிஞ்சியிருந்தால், டிபிகேஜி அந்தப் பெயரைத் தன் பட்டியலில் வைத்திருக்கும். நிலையைச் சரிபார்க்காமல் பெயரை மட்டும் எடுத்தால், இல்லாத பொதிக்கும் களஞ்சியம் தேடுவோம்.

ஆப்ட் மூலங்களைப் படிக்கிற வகை ஸ்கிரிப்டுகளுக்கு உபுண்டு 24.04 ஒரு அடி கொடுத்தது. அதில் முக்கியக் களஞ்சியங்களின் விவரம் பழைய ஒற்றை வரி வடிவத்திலிருந்து, புலம் புலமாக எழுதுகிற டெப்822 வடிவத்துக்கு, வேறு கோப்புக்குப் போய்விட்டது. பழைய கோப்பில் மிஞ்சியது ஒரு குறிப்பு மட்டும். ‘டெப்’ என்று ஆரம்பிக்கிற வரிகளைத் தேடுகிற ஸ்கிரிப்டுக்கு அங்கே ஒன்றுமே அகப்படாது. ஆனால் பிழையும் சொல்லாது. வெறும் பட்டியலைக் கொடுத்துவிட்டு வெற்றிகரமாக முடிந்துவிடும்.

கடைசியாக வேகம். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு தடவை ஆப்ட்-கேஷைக் கூப்பிட்டால் ஆயிரத்தைந்நூறு தடவை கூப்பிடவேண்டும். ஆப்ட்-கேஷ் பாலிசி ஒரே அழைப்பில் பல பெயர்களை வாங்கிக்கொள்ளும். எக்ஸ்ஆர்க்ஸ் போட்டால் நிமிஷக்கணக்கு வேலை விநாடிக்கணக்கில் முடியும்.

மற்ற வீடுகளில் எப்படி?

இதெல்லாம் லினக்ஸின் தலையெழுத்து என்று நினைத்துவிட வேண்டாம். ஃபெடோராவில் டிஎன்எஃப் கொண்டு நிறுவிய பொதிகளைப் பட்டியலிட்டால், மூன்றாவது பத்தியில் களஞ்சியத்தின் பெயர் வரும். அது ஊகம் இல்லை. நிறுவும்போதே டிஎன்எஃப் தன் கணக்கில் எழுதி வைப்பது. அங்கே இந்த ஸ்கிரிப்டுக்கு ஒரு வரி போதும். அதிலும் ஓட்டை உண்டு. முதல் நிறுவலில் வந்தவை நிறுவியின் பெயரான ‘அனகோண்டா’ கணக்கில் வரலாம். களஞ்சியத்தின் பெயர் என்பது அந்தக் கணினியின் அமைப்புக் கோப்பில் வைத்த ஒட்டுப்பெயர்தான். இரண்டு கணினியில் ஒரே பெயர், வேறு வேறு முகவரியைக் காட்டலாம்.

ஆனால் ஆர்பிஎம்மிடம் இதைவிடப் பலமான சாட்சி இருக்கிறது. ஒவ்வொரு பொதியும் தனித்தனியாகக் கையொப்பம் இடப்பட்டது. அந்தக் கையொப்பத்தின் சாவி எண் நிறுவிய பிறகும் தரவுத்தளத்தில் இருக்கும். களஞ்சியம் போய்விட்டாலும், யார் கையெழுத்துப் போட்டது என்று பத்து வருஷம் கழித்துக் கேட்கலாம். டெபியன் முறையில் பொதுவாகக் கையொப்பம் பொதியில் இல்லை, களஞ்சியத்தின் இன்ரிலீஸ் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு பட்டியல்களின் ஹாஷுக்குச் சாட்சி, பட்டியல் பொதியின் ஹாஷுக்குச் சாட்சி. சங்கிலி உறுதியானதுதான். ஆனால் நிறுவி முடித்ததும் சங்கிலியின் கண்ணிகள் எதுவும் அந்தப் பொதியோடு தங்குவதில்லை. டெபியன் பக்கத்தில் இந்த ஸ்கிரிப்ட் ஊகிக்க வேண்டியிருப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆர்ச்சின் பேக்மேனும் பழைய பதிப்புகளில் களஞ்சியத்தை எழுதி வைக்கவில்லை. அந்நியப் பொதிகள் என்று அது காட்டுவது, இன்றைய களஞ்சியப் பட்டியலில் பெயர் இல்லாதவற்றை. எதிர்ப்பக்கம், ஃபிளாட்பேக் ஒவ்வொரு செயலிக்கும் மூலத்தைப் பதிந்து வைக்கிறது. வாய்ட் லினக்ஸின் எக்ஸ்பிபிஎஸ்ஸும் களஞ்சிய முகவரியைத் தன் தரவுத்தளத்தில் எழுதிவிடும். ஆக, இது முடியாத காரியம் இல்லை. ஒரு புலம், ஒரு வரி. செய்யலாம், சிலர் செய்திருக்கிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன?

2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், எக்ஸ்இசட் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருக்கிறது என்று பகிரங்கமாக அறிவித்தார். டெபியனின் நிலையான வெளியீட்டுக்கு அது வந்திருக்கவில்லை. டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகளுக்கு வந்திருந்தது. டெபியன் உடனே பழைய நிரலுக்குத் திரும்பி, 5.6.1+ரியலி5.4.5-1 என்ற பதிப்பெண்ணோடு புதுப் பொதியை வெளியிட்டது. பதிப்பெண் பின்னோக்கிப் போகக்கூடாது என்பதால் இந்த விசித்திரப் பெயர்.

இப்போது நம் ஸ்கிரிப்டை அந்த நாளில், ஒரு டெஸ்டிங் கணினியில் வைத்துப் பாருங்கள். நிர்வாகி பதறிப்போய் முதலில் ஆப்ட் அப்டேட் ஓட்டுகிறார். கெட்ட பதிப்பு பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. பிறகு எது எங்கிருந்து வந்தது என்று ஸ்கிரிப்டைக் கேட்கிறார். பின்கதவு உள்ள 5.6.1-1 பதிப்புக்கு ஸ்கிரிப்ட் தருகிற முகவரி: ‘உள்ளூர்’. அதாவது, யாரோ கையால் கொண்டுவந்து போட்டது. வந்ததோ டெபியனின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து, முறையான கையொப்பத்தோடு. விசாரணை தப்பான ஆளைத் தேடிக் கிளம்பிவிடும். பதிப்பெண்ணில் 5.6.1 என்று தேடினால் இன்னொரு கூத்து: திருத்தப்பட்ட நல்ல பொதியும் அதில் மாட்டும்.

இதே சம்பவம் மறுபக்கப் பாடத்தையும் சொல்கிறது. களஞ்சியத்தின் பெயர் நற்சான்றிதழ் இல்லை. பட்டியலில் ‘டெபியன்’ என்று வந்தால் பாதுகாப்பானது, பிபிஏ என்று வந்தால் சந்தேகத்துக்குரியது என்று படிப்பவர்கள், எக்ஸ்இசட் விஷயத்தில் தலைகீழாகப் படித்திருப்பார்கள். பொதியின் மூலமும் உள்ளிருக்கும் சரக்கின் மூலமும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. உபுண்டு 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸ் என்ற டெப் பொதி உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்துதான் வருகிறது, ஸ்கிரிப்டும் அப்படியே சொல்லும். அந்தப் பொதிக்குள் உலாவியே கிடையாது. அது ஸ்னாப் கடையிலிருந்து உலாவியைக் கொண்டுவருகிற வெறும் வழிகாட்டி. பிப், என்பிஎம் வழியாக வந்தவை பற்றியோ இந்த ஸ்கிரிப்டுக்கு ஒன்றுமே தெரியாது.

வேறு எப்படி எழுதலாம்?

இரண்டு மாற்றம் போதும். முதலாவது, மிச்சத்தை மரியாதையாக நடத்துவது. வெளியீட்டில் மூன்று பகுதி இருக்கட்டும்: ஒரே ஒரு களஞ்சியத்தோடு பொருந்தியவை, ஒன்றுக்கு மேற்பட்டவற்றோடு பொருந்தியவை, எதோடும் பொருந்தாதவை. மூன்றாவது பகுதிக்கு ‘உள்ளூர்’ என்று பெயர் வைக்காமல் ‘இப்போதைய பட்டியலில் இல்லை’ என்று உள்ளதைச் சொல்லவேண்டும். தலைப்பில், பட்டியல்கள் கடைசியாக எப்போது இறங்கின என்ற தேதியும் வரவேண்டும். தேதி இல்லாத இந்தப் பட்டியல் தேதி இல்லாத செய்தித்தாள் மாதிரி. மூன்றாவது பகுதியில் சிக்கிய டெபியன் பொதிகளுக்கு ஸ்னாப்ஷாட் ஆவணகத்தில் தேடலாம். 2005 முதலான பழைய பொதிகள் அங்கே தேதிவாரியாக இருக்கின்றன. அந்தப் பதிப்பு எப்போதாவது டெபியனில் இருந்ததா என்பதாவது தெரிந்துவிடும்.

இரண்டாவதுதான் உண்மையான மருந்து: கேட்கும்போது தேடாமல், நடக்கும்போது எழுதி வைப்பது. டிபிகேஜி வேலையை முடித்ததும் ஒரு கட்டளையை ஓட்டு என்று ஆப்டின் அமைப்புக் கோப்பில் சொல்ல வழி இருக்கிறது, போஸ்ட்-இன்வோக் என்ற கொக்கி. அதில் நம் பதினைந்து வரி ஸ்கிரிப்டையே மாட்டிவிடலாம். நிறுவி முடித்த அந்தக் கணத்தில் பட்டியல்கள் மாறியிருக்காது, அப்போது பொருத்திப் பார்த்தால் பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும். புதிதாக வந்த, பதிப்பு மாறிய பொதிகளை மட்டும் தேதியோடு ஒரு கோப்பின் அடியில் சேர்த்துக்கொண்டே போகவேண்டும், பழைய வரியை அழிக்கவே கூடாது. ஒரே பதிப்பு இரண்டு களஞ்சியத்தில் இருக்கும் குழப்பம் இதிலும் தீராது. கையால் நிறுவியதும் இந்தக் கொக்கியில் மாட்டாமல் போகலாம், டிபிகேஜியை நேரடியாகக் கூப்பிட்டால் ஆப்டுக்குத் தெரியாது. ஆனால் முக்கால்வாசிச் சறுக்கல்கள் நின்றுவிடும். களஞ்சியத்தை முடக்கினாலும், பழைய பதிப்பு பட்டியலிலிருந்து போனாலும், நம் கணக்குப் புத்தகம் நம்மிடம் இருக்கும்.

நிரல் ஒன்றுதான். கேள்வி கேட்கிற நாளில் ஓட்டினால் அது ஊகம், பொதி வந்த நாளில் ஓட்டினால் அது கிட்டத்தட்டப் பதிவு. இந்த ஸ்கிரிப்டை வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். ‘உள்ளூர்’ என்ற சொல்லை மட்டும் முதலில் மாற்றுங்கள். பிறகு ஆப்டின் கொக்கியில் மாட்டுங்கள். அடுத்த எக்ஸ்இசட் என்றைக்கு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை.